அறுப்பின் பண்டிகையை மே மாதத்துக்குத் தள்ளாதீர்கள்: வெளியூர் போன நம் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான பிள்ளைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும், ஸ்தோத்திரம்.

சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருக்கிற நம் சபையார் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். போனில் தனித்தனியாகப் பேசினால் "நீங்க சொல்றது சரிதான் பெரியப்பா" என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் கூடியதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி வேறு முடிவு எடுத்துவிடுகிறீர்கள். அந்தக் கூட்டத்துக்குள் நின்று பேச எனக்குக் கை வேகம் போதாது. அதனால் ஒரே மூச்சில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறேன். ஊரில் இருக்கிறவர்களும் படிக்கட்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். விளைச்சலைப் பீடத்தில் படைத்து, ஏலம் விட்டு, நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை தை கடைசி ஞாயிறு அல்லது மாசி முதல் ஞாயிறு நடக்கிறது. அதை இனி மே மாதம் இரண்டாம் ஞாயிறு வைக்கலாம் என்று முடிவு செய்து, சபைக் காரியங்களைப் பார்க்கிற குருசேகர சங்கத்துக்கு மனு எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை, உங்களுக்கு லீவு, எல்லோரும் குடும்பத்தோடு வரலாம், காணிக்கையும் கூடும். நான்கு காரணத்தில் ஒன்றுகூடப் பொய்யில்லை. போன முறை ஏலத்தில் வந்ததைவிட உங்கள் கவரில் வந்தது பல மடங்கு அதிகம். கோயில் ஓடு மாற்றியது, ஜெனரேட்டர் வாங்கியது, நம் குருவானவரான ஐயர் வந்தால் தங்குகிற அறைக்குத் தளம் போட்டது எல்லாம் உங்கள் பணம். இதை மறந்து பேசினால் எனக்கு நன்றி இல்லை என்றாகிவிடும்.

ஆனாலும் மே மாதம் வேண்டாம்.

மே மாதம் நம் வயல் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் காய்ந்து, வயல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். உளுந்தும் பயறும் எடுத்து முடிந்து ஆடுமாடு மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு தம்பி புத்திசாலித்தனமாக, "செம்பனார்கோயில் ஏலத்துக்கே பருத்தி மூட்டை மூட்டையாப் போகுதே, பருத்தியை வச்சுப் படைக்கலாமே" என்று கேட்டிருந்தார். கேள்வி நல்ல கேள்விதான். பருத்தி போட்டவர்கள் ஒரு பிடி கொண்டு வரட்டும், சந்தோஷம். ஆனால் பருத்தி போட நம் சபையில் எத்தனை பேருக்குப் போர்செட் இருக்கிறது? மற்றவர்கள் எதைக் கொண்டு வருவார்கள்? கடையில் ஆப்பிள் வாங்கி வருவார்கள். மூன்று வருஷமாக அது தொடங்கியும் விட்டது. ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளும், பிளாஸ்டிக் உறையில் பிஸ்கட்டும் பீடத்தின் முன்னால் இருக்கிறது. காஷ்மீர்க்காரன் அறுப்புக்கு நாம் ஏன் பண்டிகை கொண்டாட வேண்டும்?

நமக்குச் சுவிசேஷம் கொண்டு வந்த ஜெர்மன்காரர்கள் ஊரில் இந்த நன்றிப் பண்டிகை அக்டோபர் தொடக்கத்தில் வருகிறது. அங்கே அப்போதுதான் கோதுமையும் உருளைக்கிழங்கும் வீட்டுக்கு வந்து முடிந்திருக்கும். நமக்கு அக்டோபர் என்றால் சம்பா நடவும் மழையும். நாற்றுக் கட்டோடு சேற்றில் நிற்கிறவனைக் கூப்பிட்டு அறுப்புக்கு நன்றி சொல்லச் சொல்ல முடியுமா? அதனால்தான் நம் ஊர்ப் பக்கத்தில் பண்டிகை தைக்கு வந்தது. மணி, அங்கி, ராகம், ஆராதனை முறைமை என்று எத்தனையோ கடல் தாண்டி வந்தன. பண்டிகை நாளை மட்டும் நம் வயல் பார்த்துக் கொடுத்தது. இப்போது நீங்கள் கேட்பது கம்பெனி லீவுக் காலண்டருக்கு அதை மாற்றிக் கொடுக்கச் சொல்லி.

மூத்தவன் என்பதால் கொஞ்சம் பழங்கதை. பஸ் ஏறினால் தரங்கம்பாடி. சீகன்பால்குவும் புளுச்சோவும் அங்கே கரையிறங்கியது 1706 ஜூலை 9. புதிய எருசலேம் கோயில் பிரதிஷ்டை ஆனது 1718-ல். இதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பரிசுப் போட்டியில் நீங்கள் சரியாக எழுதியவைதான். உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்தச் சபை நாட்டுப்புறத்துக்குள் எப்படி வந்தது? வெள்ளைக்காரர் தஞ்சை ராஜ்யத்துக்குள் நினைத்தபடி நடமாட முடியாத காலம் அது. உள்ளூர்க்காரரான உபதேசிமார்தான் ஊர் ஊராக நடந்தார்கள். 1733 டிசம்பர் 28-ல் ஆரோன் என்கிற தமிழரைக் குருவாக அபிஷேகம் செய்ததும் நாட்டுப்புறச் சபைகளைப் பார்த்துக்கொள்ளத்தான். நாம் சேற்றில் கால் வைத்து வந்தவர்கள் சேர்த்த சபை. பிறகு லைப்சிக் மிஷன், முதல் உலகப்போரில் ஜெர்மானியர் போய் சுவீடன்காரர் வந்தது, 1919 ஜனவரி 14-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று பெயர் பெற்றது. கவனியுங்கள், அதுவும் தை பிறப்பை ஒட்டித்தான். இதை ஒரு வாதமாக வைக்கவில்லை, சும்மா சொன்னேன்.

ஆனால் ஞானோபதேசத்தை வாதமாகவே வைக்கிறேன். முதல் திருவிருந்து எடுப்பதற்கான திடப்படுத்தலுக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டு மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கும். லுத்தர் 1529-ல் எழுதிய கேள்வி-பதில் புத்தகம் அது. கர்த்தருடைய ஜெபத்தில் ஆகாரம் கேட்கிறோமே, அந்த ஆகாரம் என்றால் என்ன என்று அவரே கேள்வி கேட்டு ஒரு நீண்ட பட்டியல் போடுவார். சோறு, தண்ணீர், துணி, வீடு, வயல், ஆடுமாடு, பணம், நல்ல துணை, நல்ல பிள்ளைகள், ஒழுங்கான ஆட்சி, நல்ல பருவகாலம், சமாதானம் என்று போய்க்கொண்டே இருக்கும். மூச்சு முட்டும் இடத்தில், கடைசியில் வருகிறவர்கள் நல்ல அயலகத்தார். பிரம்போடு நிற்கிற உபதேசியார் அந்த இடம் வரும்போது மட்டும் ஜன்னல் வழியாக மேலத்தெரு பக்கம் பார்ப்பார். சின்ன வயதில் எனக்கு அது ஏன் என்று விளங்கியதில்லை.

விளங்கியது ஏலத்தில்.

உங்களில் பாதிப் பேருக்கு ஏலம் என்றால் வேடிக்கை. ஒரு கோழிமுட்டையை எடுத்தவரே திரும்பக் கொடுக்க, அது ஏழெட்டு கை மாறி நாட்டுக்கோழி விலையைத் தாண்டும். முருங்கைக்காய்க் கட்டுக்கு மாமனும் மச்சானும் முட்டிக்கொள்வார்கள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுத்துவிட்டு, மூன்றாம் தரம் சொல்லாமல் கோயில்பிள்ளை வெற்றிலை போடப் போய்விடுவார். பரங்கிக்காய், வாழைத்தார், தேங்காய்க் குலை, சேவல், சில வருஷம் ஆட்டுக்குட்டி. பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒதுக்கிய பிடி அரிசி ஒரு கோணி.

என் அப்பா காலத்தில் அந்த ஏலத்துக்கு மேல்சாதிக்காரர் குடியிருக்கிற மேலத்தெருவிலிருந்து ஆள் வருவார்கள். மிராசுதாரே வரமாட்டார். அவர் காரியக்காரர் வருவார். கோயில் வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்பார். அங்கிருந்தே விரலைக் காட்டிக் கேட்பார். பூசணியும் வாழைத்தாரும் வேலிக்கு மேலாகப் போகும், பணம் வேலிக்கு மேலாக வரும். பண்டிகைச் சாப்பாடு போடும் நேரத்துக்குச் சரியாகக் கிளம்பிவிடுவார். "காய்க்குத் தீட்டு இல்லடா, சோத்துக்குத்தான் தீட்டு" என்பார் அப்பா, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு சிரிப்பில்லை என்று இப்போது தெரிகிறது. நம் திருச்சபைக்கும் இதில் கை சுத்தமில்லை. லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் தாராளமாக விட்டுக்கொடுத்தது. இந்தப் பக்கத்துக் கோயில்கள் சிலவற்றில் யார் எங்கே உட்காருவது என்பதற்குத் தனிக் கணக்கு இருந்தது. அதை மறைத்துக்கொண்டு மேலத்தெருவை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

1968 டிசம்பர் 25. எனக்குப் பத்து வயது. ராத்திரி முழுக்க அரிக்கேன் விளக்கோடு வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிவிட்டு வந்து படுத்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் கீழவெண்மணிச் செய்தி வந்தது. 44 பேர், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டதில் தொடங்கிய தகராறு. அந்த மாசியில் நம் சபையில் ஏலம் போடலாமா வேண்டாமா என்று பெரியவர்களுக்குள் வாக்குவாதம். நெல்லுக்காக எரித்திருக்கிறார்கள், நாம் நெல்லை நடுவில் வைத்துக் கூச்சல் போட்டு ஏலம் விடுவதா என்று சிலர். நம் நெல்லை நாம் கொண்டு வந்து வைக்கிறோம், எவனுக்குப் பயந்து நிறுத்துவது என்று சிலர். கடைசியில் ஏலம் போட்டார்கள். புளியமரத்தடியில் ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் நாமே எடுத்துக்கொண்டோம். ஒரு பூசணிக்காய் மட்டும் யாரும் கேட்காமல் கிடந்தது, அதை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷமும் மரத்தடி காலி. அதற்கும் அடுத்த வருஷம் காரியக்காரர் வந்தார். வேலி ஓரம் வந்து நின்றார், மரத்தடிக்குப் போகவில்லை. நான்கடி தூரம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கடியை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இன்றைக்கு அவர் பேரன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார். டீக்கடைக்காரர் வருகிறார். பொறையார்ப் பக்கத்து பாய் ஒருவர் ஆட்டுக்குட்டிக்காகவே வருகிறார், பேரம் படியாவிட்டாலும் பாயசம் குடித்துவிட்டுப் போகிறார். போன மாசியில் மேலத்தெருப் பையன் ஒருவன் நம் பந்தியில் உட்கார்ந்து குழம்பு சரியில்லை என்று குறை சொன்னான். உங்களுக்கு இது ஒரு சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லவில்லை. சுடுகாட்டுப் பாதை இன்னும் இரண்டுதான். ஆனால் மாறியது எல்லாம் அந்த ஏலத்தின் வழியாகத்தான் வந்தது.

இவர்கள் ஏன் வருகிறார்கள் என்று யோசியுங்கள். தை, மாசியில் எல்லார் வீட்டிலும் நெல் இருக்கிறது. எல்லோரும் ஒரே களத்து மேட்டில் நிற்கிறார்கள். அறுப்பு மிஷின் யாருக்கு முதலில், மழை வருமா, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-ஐத் தாண்டுமா என்று எல்லோருக்கும் ஒரே கவலை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் கொட்டிய மழையில் சாய்ந்த கதிர், எந்தத் தெரு என்று கேட்டா சாய்ந்தது? அந்தக் கவலை ஓய்ந்த கையோடு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஓர் இடம் வேண்டும். அந்த வேளையில் நம் கோயில் மணி அடிக்கிறது. மே மாதம் அவர்கள் ஏன் வருவார்கள்? அவர்கள் பிள்ளைகளும் லீவில் வந்திருப்பார்கள், அவர்கள் கோயிலில் தீமிதி இருக்கும். நம் கோயிலில் நீங்கள் இருப்பீர்கள், உங்கள் கார்கள் இருக்கும், கவர் இருக்கும். அது ஒரு குடும்ப விழா. தவறில்லை. ஆனால் அதற்குப் பெயர் அறுப்பின் பண்டிகை இல்லை.

நாள் வைப்பது எளிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். சி.ஆர். 1009 என்கிற நீண்ட நாள் நெல் ரகம் போட்டவன் தை முடிவில்தான் அறுப்பான். சாம்பல் புதனுக்கு முன்னால் பண்டிகை முடிய வேண்டும். அன்று தொடங்குகிற லெந்து என்கிற தபசு நாட்களில் ஏலமும் கூச்சலும் கூடாது என்பது பழைய கட்டு. 2024-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 14-லேயே வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஜூன் 12-ல் திறந்த மேட்டூரை அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். சம்பா பாதி வயலில் பாதியாகத்தான் விளைந்தது. பிப்ரவரி 11 ஞாயிறு பண்டிகை வைத்தோம். எனக்கு ஒன்பது மா நிலத்தில், அதில் ஆறு மா குத்தகை, வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை. அந்த வருஷம் ஓர் அம்மா கொடிப்பசலையை ஒரு கட்டு கட்டிக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தார். "நெல்லு இல்ல ஐயரே, இது வேலியில தானா வந்தது" என்றார். ஐயர் அதைக் கையில் எடுத்துக்கொண்டே பிரசங்கம் செய்தார், எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்கவேயில்லை. விளையாத வருஷமும் தையில்தான் தெரியும். மே மாதத்தில் எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்ந்துதான் கிடக்கும்.

இன்னொன்று, இது உங்களுக்குத் தெரியாது. இப்போது எல்லா வயலையும் மிஷின் அறுக்கிறது. நெல் ஒரு பக்கம், நொறுங்கிய வைக்கோல் ஒரு பக்கம். அப்புறம் கட்டுக் கட்டுகிற மிஷின் வந்து வைக்கோலையும் உருட்டிக்கொண்டு போகிறது. கதிர்க்கட்டு என்று ஒன்று மிச்சமே இல்லை. பீடத்தின் இரண்டு பக்கமும் கட்டுகிற கதிருக்காக ஆறேழு வருஷமாக நான் வயலின் சனி மூலையில் ஓர் ஓரத்தை மிஷினுக்கு விடாமல் வைத்திருக்கிறேன். மிஷின் ஓட்ட வருகிற பையன் நாமக்கல் பக்கம். முதல் வருஷம், "பெரியவரே, அரை நிமிஷ வேலை, இதை ஏன் விடுறீங்க" என்று கேட்டான். கோயிலுக்கு என்றேன். மறு வருஷம் அவனே கேட்காமல் சுற்றிக்கொண்டு போனான். அந்த மூலையை நானும் என் வீட்டுக்காரியும் கருக்கரிவாளால் அறுக்கிறோம். குனிந்தால் நிமிர முடிவதில்லை, அது வேறு. பழைய ஏற்பாட்டில் வயல் ஓரத்தைத் தீர அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விடு என்று இருக்கிறது. நான் விடுவது பீடத்துக்கு. ஆனால் பண்டிகை முடிந்ததும் அந்தக் கதிரைக் கோயிலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், குருவிகள் தின்கின்றன. பரதேசிக்குத்தான் போய்ச் சேர்கிறது.

மே மாதத்துக்கு இந்தக் கதிரை நான் எங்கே பத்திரப்படுத்தி வைப்பது? மூன்று மாதம் எலிக்குத் தப்புமா?

நான் கேட்பது இவ்வளவுதான். பண்டிகை தையிலோ மாசியிலோ இருக்கட்டும். மே மாதம் நீங்கள் வருகிற ஞாயிற்றை வெளியூர் சபையார் ஞாயிறு என்று வையுங்கள். அன்றைக்குத் திருவிருந்து ஆராதனை வைக்க ஐயரிடம் நானே பேசுகிறேன். நான்கு கிராமத்தை ஒரே ஐயர் பார்க்கிறார், முன்கூட்டியே சொன்னால் வருவார். உங்கள் கவரை அன்று கொடுங்கள். உங்கள் பிள்ளைகளை வாய்க்கால் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவேன், வறண்டிருந்தாலும். ஆப்பிளை நிறுத்துங்கள். கொண்டுவர ஒன்றும் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வரட்டும், ஏலத்தில் கை தூக்க ஆள் வேண்டும் அல்லவா? லீவு கிடைக்கிறவர்கள் மாசிக்கும் வாருங்கள். எல்லோரும் வேண்டாம், வீட்டுக்கு ஒருவர். அதுவும் முடியாதவர்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, "இந்த வருஷம் என்ன கொண்டு போறே" என்று மட்டும் கேளுங்கள். அவள் அதற்காகவே ஒரு பரங்கிக்கொடி போடுவாள்.

குருசேகர சங்கம் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து கூடுகிறது. உங்கள் மனு முதலில் வாசிக்கப்படும், பிறகு இந்த மடல். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, ஆகவே வீடியோவில் வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள்.

பின்குறிப்பாக ஒன்று. போன வருஷம் ஏலத்தில் எடுத்த வாழைத்தாருக்கும் ஒரு சேவலுக்கும் இன்னும் பணம் வரவில்லை. இரண்டுமே வெளியூர்க் கணக்கு. பெயர் எழுதவில்லை. சேவல் என் வீட்டில்தான் நிற்கிறது, தீனி நான்தான் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெரியப்பா